தற்கொலை செய்துகொள்ளாத எலிகள்

1958-ல் அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரு படம் ஓடியது. பெயர் 'ஒயிட் வில்டர்னஸ்'. வால்ட் டிஸ்னி கம்பெனியின் தயாரிப்பு. வடதுருவப் பக்கத்து மிருகங்களைப் பற்றிய டாக்குமென்டரி.

அதில் ஒரு காட்சி. எலி மாதிரி இருக்கும் குட்டிப் பிராணிகள் கூட்டமாக ஓடி வருகின்றன. எதிரே செங்குத்தான பாறை விளிம்பு. கீழே கடல். ஒன்றாவது நிற்கவேண்டுமே! தொப்... தொப்... என்று விழுகின்றன. விழுந்தவை கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீந்திப் போய் மூழ்குகின்றன. பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்தப் பிராணியின் பெயர் லெம்மிங். கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. படம் அதற்கு முத்திரை குத்திவிட்டது. யோசிக்காமல் கும்பலோடு போய் விழுகிறவனை நாம் 'ஆட்டுமந்தை' என்போம் இல்லையா? மேல்நாட்டில் அவனுக்கு 'லெம்மிங்' என்று பெயர்.

இருபத்துநாலு வருஷம் கழித்துக் குட்டு உடைந்தது. 1982-ல் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று விசாரித்தது. காட்சி எடுக்கப்பட்ட இடம் ஆல்பர்ட்டா மாகாணம். அங்கே கடலே கிடையாது! படத்தில் கடலாக நடித்தது ஓர் ஆறு. லெம்மிங்குகளும் உள்ளூர்க்காரர்கள் இல்லை. மானிடோபா மாகாணத்தில் இனுயிட் சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கி வந்தவை. சுழலும் மேடை ஒன்றில் பனியைப் பரப்பி, அதன்மேல் அவற்றை ஓடவிட்டு, வேறு வேறு கோணத்தில் படம் பிடித்துக் கொஞ்சத்தைப் பெரும் கூட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் பாறையிலிருந்து தள்ளியும் விட்டிருக்கிறார்கள்.

ஆக, அது தற்கொலை இல்லை. கொலை!

இந்தப் பிராணி பாவம், பொய்க் கதைகளுக்கென்றே பிறந்தது. நார்வே, ஸ்வீடன் பக்கத்தில் சில வருஷம் தேடினாலும் ஒரு லெம்மிங் கண்ணில் படாது. திடீரென்று ஒரு வருஷம் வயல், ரோடு, வீட்டு வாசல் எங்கும் லெம்மிங். அடுத்த வருஷம் மறுபடி காலி. எங்கிருந்து வந்தன, எங்கே போயின? பதினாறாம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் கண்டுபிடித்த பதில்: 'வானத்திலிருந்து மழையோடு விழுகின்றன.' அடுத்த நூற்றாண்டில் ஓலே வோர்ம் என்ற டென்மார்க் டாக்டர் ஒரு லெம்மிங்கை அறுத்துப் பார்த்தார். மற்ற எலிகளுக்கு இருப்பதுபோலவே இனப்பெருக்க உறுப்புகள். அதாவது, மேகத்தில் முளைக்கவில்லை. அம்மா வயிற்றில்தான் பிறக்கின்றன. ஆனால், ஏன் திடீரென்று பெருகுகின்றன? அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் புதிரைக் கையில் எடுத்தவர் சார்லஸ் எல்டன்.

1921. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கிளம்பியது. நார்வேக்கும் வடக்கே, வடதுருவத்துக்குப் பக்கம். எல்டனுக்கு அப்போது வயசு 21. போகிற வழியில் கரடித் தீவு. பெயரில்தான் கரடி, மற்றபடி பாறை, பாசி, கடற்பறவைகள், நரி... அவ்வளவுதான். மழைக்காட்டில் போய் நின்றால் ஆயிரம் ஜீவன்களில் எது எதைத் தின்கிறது என்று கணக்கெடுக்க ஓர் ஆயுள் போதாது. இங்கே இருப்பதே கொஞ்சம். எல்டனும் தாவரவியல்காரர் சம்மர்ஹேஸும் உட்கார்ந்து, யார் யாருக்குச் சாப்பாடு என்று கோடு போட்டு இணைத்தார்கள். பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியைப் பறவை, பறவையை நரி. துருவக் கரடி தின்று மிச்சம் வைத்த சீலும் நரிக்குத்தான். 1923-ல் வெளியான அந்தப் படம், இன்று பள்ளிப் புத்தகத்தில் 'உணவு வலை' என்று நம் பிள்ளைகள் வரைகிற படத்துக்கெல்லாம் முன்னோடி.

ஒரு வேடிக்கை. ஸ்பிட்ஸ்பெர்கனில் லெம்மிங் கிடையாது. எல்டனுக்கு அது அறிமுகமானது புத்தகத்தில். 1923-ல் ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் ட்ரோம்ஸோ நகரத்தில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. நார்வேயின் பாலூட்டிகளைப் பற்றி ராபர்ட் காலெட் எழுதியது. எல்டனுக்கு நார்வே பாஷை தெரியாது. கையில் காசும் அதிகமில்லை. இருந்தும் வாங்கினார். ஊருக்கு வந்து மெனக்கெட்டு அர்த்தம் கண்டுபிடித்தார். எந்தெந்த வருஷம் லெம்மிங் பெருகியது என்ற பட்டியல் அதில் இருந்தது. வருஷங்களை வரிசையாகப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் உச்சிக்குப் போகிறது. பிறகு சரிகிறது. மறுபடி ஏறுகிறது. கடிகாரம் மாதிரி!

ஒரு நாட்டுக் கணக்கு போதுமா? இன்னும் வேண்டும். யார் நூறு வருஷமாக எலி எண்ணிக்கொண்டிருப்பார்கள்? எண்ணியிருந்தார்கள், தங்களுக்கே தெரியாமல்! 1670-ல் ஆரம்பித்த ஹட்ஸன்ஸ் பே கம்பெனி கனடாவில் மிருகத் தோல் வியாபாரம் செய்து வந்தது. எந்த வருஷம் எத்தனை தோல் வந்தது என்று வரவு எழுதி வைத்திருந்தார்கள். துருவ நரிக்கு முக்கியச் சாப்பாடு லெம்மிங். லெம்மிங் பெருத்தால் நரி பெருக்கும். நரி பெருத்தால் தோல் குவியும். ஆக, நரித்தோல் கணக்கைப் படித்தால் லெம்மிங் கணக்கு கிடைத்துவிடும். 1925-ல் கம்பெனியே எல்டனை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவர்களுக்கு அடுத்த வருஷத்து வரும்படி தெரியவேண்டும், இவருக்கு இயற்கையின் கணக்கு தெரியவேண்டும். இரண்டு பேருக்கும் லாபம்.

எல்டனையும் விட்டு வைக்கவில்லை அந்தப் பழைய கதை. லெம்மிங்குகள் கடலை நோக்கி ஓடிச் சாவதாக ஆரம்ப காலத்தில் அவரும் நம்பி எழுதியிருக்கிறார். பின்னால் அவரிடம் வேலை பார்த்த டென்னிஸ் சிட்டி, 'லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்கின்றனவா?' என்ற தலைப்பிலேயே 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். உண்மை இவ்வளவுதான்: கூட்டம் நெருக்கியடித்தால் புது இடம் தேடிக் கிளம்பும். நன்றாக நீந்தும். ஆறு குறுக்கிட்டால் இறங்கிவிடும். அகலம் அதிகமானால் சில மூழ்கும். வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறவன் வழியில் விபத்தில் செத்தால் அதைத் தற்கொலை என்போமா?

சரி, எல்டன் கண்டுபிடித்த அந்தக் கடிகாரம் இன்று என்ன ஆயிற்று? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லெம்மிங் குளிர்காலத்தில் தூங்காது. பனிக்கு அடியில் வாழும். கீழே தரையின் சூட்டில் பனியின் அடிப்பாகம் லேசாகக் கரைந்து ஓர் இடைவெளி உண்டாகும். வெளியே மைனஸ் முப்பது டிகிரி இருந்தாலும் கனத்த பனிக்கம்பளத்துக்குக் கீழே குளிர் எவ்வளவோ குறைவு. அங்கே சுரங்கம் போட்டு, பாசி தின்று, புல்லை உருட்டிக் கூடு கட்டி, குட்டியும் போடும். சுமார் மூன்று வாரத்தில் ஒரு பிரசவம்! நல்ல பனி விழுந்த வருஷம், வசந்தத்தில் பனி கரையும்போது உள்ளேயிருந்து ஒரு படையே வெளியே வரும்.

இப்போது குளிர்காலத்தின் நடுவிலேயே வெயிலும் மழையும் எட்டிப் பார்க்கின்றன. பனி உருகி மறுபடி உறைந்தால் கம்பளம் கண்ணாடித் தகடாகிவிடும். இடைவெளி இல்லை. பாசிமேல் ஐஸ் பூட்டு. சாப்பாடு கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு எட்டாது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-ல் கணக்குச் சொன்னார்கள்.

நார்வேயில் ஃபின்ஸே என்று ஒரு மலை ஊர். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் பனிக் கிரகம் ஒன்று வருமே, அதைப் படம்பிடித்த இடம். அங்கே லெம்மிங்குகளைப் பல வருஷம் கவனித்தவர்கள், 1994-க்குப் பிறகு பெரிய பெருக்கமே வரவில்லை என்று 2008-ல் எழுதினார்கள். காரணமாக அவர்கள் சுட்டியது பனியின் தரம். கதை அதோடு முடியவில்லை. 2010, 11-ல் ஸ்காண்டிநேவியாவில் பல இடங்களில் லெம்மிங் மறுபடி பெருகியது. கடிகாரம் முழுசாக நிற்கவில்லை. தாளம்தான் தவறிவிட்டது.

கிரீன்லாந்து செய்திதான் வயிற்றைக் கலக்குகிறது. வடகிழக்குக் கரையில் இரண்டு இடங்களில், ஒன்றில் 1988-லிருந்து, இன்னொன்றில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து, ஆராய்ச்சியாளர்கள் வருஷா வருஷம் போகிறார்கள். பனி கரைந்ததும் நடந்து நடந்து, லெம்மிங் விட்டுப்போன புல் கூடுகளை எண்ணுவார்கள். 2000-ஐ ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிட்டது. லெம்மிங் அழியவில்லை, ஆனால் 'நல்ல வருஷம்' வருவதில்லை. பனி ஆந்தை இருக்கிறதே, அது லெம்மிங் பெருத்த வருஷம்தான் முட்டை போடும். மற்ற வருஷம் அநேகமாக விரதம். டிரெய்ல் தீவில் பறக்கும் வயசுக்கு வளர்ந்த ஆந்தைக் குஞ்சுகளின் எண்ணிக்கை 98 சதவிகிதம் குறைந்தது என்கிறது 2012-ல் வெளியான ஆய்வு. எல்டன் போட்ட கோடுகளில் ஒன்றை இழுத்தால் மற்றது எப்படி ஆடுகிறது, பாருங்கள்.

'எங்கோ துருவத்தில் எலி குறைந்தால் எனக்கென்ன?' என்று கேட்கத் தோன்றும். நம் கோடியக்கரைக்கு ஒருமுறை குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். சேற்றில் வளைந்த மூக்கால் குத்திக்கொண்டிருக்கும் உள்ளான்களில் ஒரு வகை, சைபீரியாவின் துருவக் கரையில் பிறந்து அவ்வளவு தூரம் பறந்து வருவது. லெம்மிங் நிறைய இருக்கும் வருஷம் நரி இந்தக் குஞ்சுகள் பக்கம் அதிகம் திரும்பாது. லெம்மிங் இல்லாத வருஷம் பசித்த நரிக்கு இவைதான் பலி. அங்கே எலி குறைந்தால் இங்கே வந்து இறங்குகிற இளம் பறவைகளும் குறையும்.

எல்டன் 1991-ல் காலமானார். அன்று தோல் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி அவர் படித்ததை, இன்று கிரீன்லாந்தில் குனிந்து புல் கூடு எண்ணுகிறவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நாலு வருஷம் எண்ணாமல் விட்டிருந்தால் கடிகாரம் தடுமாறியதே நமக்குத் தெரிந்திருக்காது.

லெம்மிங் தானாகக் குதிக்கிற ஜாதி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. 1958-ல் தள்ளிவிட்டவர்கள் யார் என்பதும் தெரிந்துவிட்டது. இப்போது தள்ளுவது யார் என்று விசாரிக்க சி.பி.சி. தேவையில்லை. வீட்டில் கண்ணாடி இருந்தால் போதும்.