எலும்புகள் உரைத்த வரலாறு

ஏட்டையும் எழுத்தாணியையும் கைக்கொண்டிருந்தோர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தனர். எழுத்து மறுக்கப்பட்டோரின் வரலாறோ மண்ணுக்குள் புதைந்தது. பெயர் தெரியாத எலும்புகளிலிருந்து அதனை மீட்க இயலுமா? இயலும் என்பதற்கு நியூயார்க் நகரம் சான்றாக நிற்கிறது.

1697-இல் அந்நகரத் தேவாலயத்தின் இடுகாட்டில் கறுப்பின மக்களை அடக்கம் செய்யலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. அவர்கள் ஊருக்குப் புறத்தே கிடந்த நிலத்தில் தம் இறந்தோரைப் புதைத்தனர். 1794-இல் அவ்விடுகாடு மூடப்பட்டது. பின்னர் அதன்மேல் மண் கொட்டப்பட்டு மாளிகைகள் எழுந்தன. நகரம் அதனை மறந்தது.

1991-இல் நடுவண் அரசின் அலுவலகம் கட்ட நிலத்தை அகழ்ந்தபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கட்டடப் பணி நிற்கவில்லை. சில கல்லறைகள் சிதைந்தன. கறுப்பின மக்கள் திரண்டு போராடினர். 1992-இல் அகழ்வு நிறுத்தப்பட்டது. 419 பேரின் எச்சங்கள், அம்மக்களின் கல்விக்கெனப் பாடுபட்டு வந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டு, மானிடவியல் அறிஞர் மைக்கேல் பிளேக்கி தலைமையில் ஆராயப்பட்டன.

இடுப்பெலும்பு ஆணா பெண்ணா எனக் காட்டும். பல்லும் எலும்பின் வளர்ச்சியும் வயதைக் காட்டும். பல்லின் மேற்பூச்சில் விழுந்த கோடுகள் குழந்தைப் பருவத்துப் பசியையும் நோயையும் காட்டும். தசைகள் பற்றியிருந்த இடங்கள் தடித்துக் கிழிந்திருந்தமை, அவ்வுடல்கள் தாங்கொணாச் சுமை சுமந்ததை உரைத்தது. அராவிக் கூராக்கிய பற்களோடும், இடையில் மணிக்கோவையோடும் கிடந்தாள் ஒரு பெண். அப்பற்கள் அவள் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவள் என்பதை உணர்த்தின. எச்சங்களுள் ஏறத்தாழப் பாதி சிறுவர், சிறுமியருடையவை என்பது நெஞ்சை உலுக்கும் செய்தியாகும். அடிமைமுறை தென்மாநிலங்களுக்கே உரியது என்று எண்ணியிருந்தோரின் எண்ணம் தகர்ந்தது.

2003 அக்டோபரில், கானா நாட்டில் கையால் செதுக்கப்பட்ட மரப்பேழைகளில் அவர்கள் அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்யப்பெற்றனர். 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச்சின்னமாயிற்று.

இளைஞர்களே! ஒருவர் பெயரும் மீளவில்லை; ஆயினும் அவர்தம் வாழ்வு மீண்டது. எலும்புகள் தாமாகப் பேசுவதில்லை. கேட்கத் தெரிந்தவர் வேண்டும். அம்மக்களின் வழித்தோன்றல்கள் போராடியதோடு நில்லாது, கற்றுத் தேர்ந்து ஆய்வுக்கூடத்திலும் அமர்ந்திருந்தனர். ஆதலின் கேள்விகளை அவர்களே கேட்டனர். கல்வியின் பயன் இதனினும் பெரிது எது?