கையின் வயது

முகத்தின் வயதை மறைத்துவிடலாம், கை காட்டிக்கொடுத்துவிடும். புறங்கைத் தோலுக்கடியில் கொழுப்பு சொற்பம். அது வற்றியதும் நரம்பு புடைத்துத் தெரியும்.

இதற்குப் பரிகாரம் தேடிய சரித்திரத்தில் எங்கள் தென்னார்க்காட்டுக்கும் பங்குண்டு. 1779-ல் ஷீலே என்ற ரசாயனி ஆலிவ் எண்ணெயிலிருந்து கிளிசரினைப் பிரித்தார். அடுத்த நூற்றாண்டில், சோப்பு காய்ச்சியபின் மிஞ்சிய கிளிசரின் கைப்பூச்சாயிற்று. இங்கே விளைந்த மல்லாட்டையும் புதுச்சேரியில் கப்பலேறி மார்சேல் சோப்பு ஆலைகளுக்குப் போயிற்று. உரித்துக் காய்த்த கை ஒன்று. பூசி மினுங்கிய கை வேறு.

2015-ல் அமெரிக்க அரசு, எலும்பிலுள்ள சுண்ணச் சத்தைப் போன்றதொரு பொருளைப் புறங்கையில் ஊசியால் ஏற்ற அனுமதித்தது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். ரசாயனக் கரைப்பான்கள் தோலின் எண்ணெய்ப் பசையைப் பறித்துவிடும். இளங்கையும் கிழடு தட்டும். அந்தக் கைக்கு ஊசி வேண்டாம். தக்க கையுறை போதும். வேலைக்கு முன்பே அது கிடைக்க வேண்டும்.