எடை குறைக்கும் ஊசி: 90 வருஷக் கதையும், நாம் எதிர்பார்க்க வேண்டியதும்

1/
"டாக்டர், வாரம் ஒரு ஊசி போட்டா எடை குறையுமாமே, உண்மையா?"

இப்போ அடிக்கடி கேட்கப்படுற கேள்வி இது. உண்மைதான், குறையும். ஆனா எடை குறைக்கும் மருந்துகளோட பழைய கதை தெரிஞ்சா, அதுக்கு மேலயும் சில கேள்விகள் கேட்கணும்னு தோணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதல் உலகப்போர் சமயம். பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் நிற ரசாயனத்தோடு வேலை பார்த்தவர்கள் மெலிந்துகொண்டே போனார்கள். கூடவே விடாத வியர்வை, கடும் காய்ச்சல். சிலர் இறந்தும் போனார்கள்.

இதைப் படிச்சா நமக்கு என்ன தோணும்? அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு தோணும். ஆனா நடந்தது வேற.

3/
1933ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ரசாயனத்தைக் குறைந்த அளவில் உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை நன்றாகவே குறைந்தது. செய்தி பரவியது. அடுத்த ஒரு வருஷத்துக்குள் அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்பது அந்த ஆய்வாளர்களே போட்ட கணக்கு. மருத்துவர் சீட்டு இல்லாமலேயே வாங்க முடிந்தது.

4/
இது எப்படி வேலை செய்தது?

நாம் சாப்பிடுவதை எரித்து, கிடைக்கும் சக்தியை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. இந்த மருந்து அந்த மாற்றத்தைக் கெடுத்துவிடும். சக்தி முழுக்கச் சூடாக வீணாகும். அடுப்புல பானையே வைக்காம விறகை எரிக்கிற மாதிரி.

அளவு கொஞ்சம் கூடினாலும் உடம்பு உள்ளிருந்தே கொதிக்கும். முறிவு மருந்து கிடையாது. சாப்பிட்ட இளம்பெண்கள் பலருக்குக் கண்புரை வந்தது. 1938ல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் இதன் விற்பனை நின்றது. இன்னிக்கும் இணையத்தில் திருட்டுத்தனமா விக்கிறாங்க, வாங்கிச் சாப்பிட்டு உயிர் விடுறவங்களும் இருக்காங்க.

5/
அடுத்து ஆம்ஃபெட்டமின்.

இரண்டாம் உலகப்போரில் வீரர்கள் தூங்காமல் இருக்கக் கொடுக்கப்பட்ட மருந்து. சாப்பிட்டால் பசி அடங்கும். அது போதாதா? 1950, 60களில் அமெரிக்காவில் எடை குறைப்பதற்கென்றே கிளினிக்குகள் முளைத்தன. ஆம்ஃபெட்டமின், தைராய்டு ஹார்மோன், சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து, இதய மருந்து எல்லாவற்றையும் கலர் கலர் மாத்திரைகளாக அள்ளிக் கொடுத்தார்கள்.

பலர் அடிமையானார்கள். உயிரிழப்புகளும் நடந்தன. 1968ல் அமெரிக்க செனட் சபையே இதை விசாரிக்கும் நிலை வந்தது.

6/
அதே காலத்தில் ஐரோப்பா.

1965ல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி மாத்திரை விற்பனைக்கு வந்தது. சில வருஷங்களிலேயே அந்த நாடுகளில் ஒரு அபூர்வ நோய் திடீரென்று பெருகியது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, மூச்சு வாங்கி, இதயம் செயலிழக்கும் நோய். மாத்திரை திரும்பப் பெறப்பட்டது.

7/
1990களில் "ஃபென்-ஃபென்". ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் என்ற 2 மருந்துகளின் ஜோடி. தனித்தனியாகத்தான் அனுமதி இருந்தது. சேர்த்துக் கொடுக்க யாரும் அனுமதி வாங்கவில்லை. ஆனாலும் 1996ல் மட்டும் அமெரிக்காவில் இவற்றுக்கு 1.8 கோடிக்கும் மேல் சீட்டுகள் எழுதப்பட்டன.

1997ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இதைச் சாப்பிட்ட 24 பெண்களின் இதய வால்வுகள் பழுதாகியிருப்பதை வெளியிட்டார்கள். அந்த செப்டம்பரிலேயே ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டுப் போனது.

8/
கதை அதோடு முடியலை.

ரிமோனபன்ட்: 2006ல் ஐரோப்பாவில் அனுமதி. மன அழுத்தம், தற்கொலை எண்ணம் காரணமாக 2008ல் நிறுத்தம்.

சிபுட்ரமின்: மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது பெரிய ஆய்வில் தெரிந்ததும் 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தம். பிறகு இந்தியாவிலும் தடை.

9/
இங்கே கொஞ்சம் நின்னு யோசிங்க.

மேலே சொன்ன எல்லா மருந்துமே எடையைக் குறைச்சது. அதில் பொய் இல்லை. ஆனா எதன் மேல கை வச்சுக் குறைக்குது, வருஷக்கணக்கா எடுத்தா என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கான பதில் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகுதான் வந்தது.

அப்போ இந்த ஊசி மட்டும் என்ன ஒசத்தி? அது வந்த வழியே வேற. எடையைக் குறைக்க யாரும் அதைத் தேடிப் போகலை.

10/
1960களில் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். குளுக்கோஸை ரத்தநாளத்தில் ஏற்றுவதை விட, வாயால் குடித்தால் அதிக இன்சுலின் சுரந்தது. அப்படியென்றால் குடல் கணையத்துக்கு ஏதோ தகவல் அனுப்புகிறது. அது என்ன?

1980களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜோயல் ஹேபனரின் ஆய்வகம் ஆங்லர் என்ற கடல்மீனின் மரபணுவில் தடயத்தைப் பிடித்தது. ஸ்வெட்லானா மோய்சோவ் அந்த ஹார்மோனின் உண்மையில் வேலை செய்யும் பகுதி எது என்று காட்டினார். கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்டும் அதையே கண்டறிந்தார். அதுதான் ஜிஎல்பி-1.

11/
நாம் சாப்பிட்டதும் குடலில் சுரப்பது இது. சர்க்கரை ஏறும்போது இன்சுலினைக் கூட்டும். இரைப்பை மெதுவாகக் காலியாகும். மூளைக்கு "போதும்" என்று சொல்லும்.

ஒரே சிக்கல், ரத்தத்தில் கலந்த 2 நிமிஷத்துக்குள் பாதி அழிந்துவிடும். மருந்தாக எப்படிக் கொடுப்பது?

ஒரு விடை அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற பல்லியின் விஷத்தில் கிடைத்தது. ஜான் எங் என்ற மருத்துவர் 1992ல் அதில் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், சீக்கிரம் அழியாத பொருளைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸனடைடு 2005ல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது.

12/
இன்னொரு விடை டென்மார்க்கில். நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியெர் குனுட்சனின் குழு, ஜிஎல்பி-1ன் முதுகில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியது. அது ரத்தத்தில் உள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் தங்கும். இப்படி வந்ததுதான் தினசரி ஊசியான லிராக்ளூடைடு. பிறகு வாரம் ஒருமுறை போடும் செமக்ளூடைடு.

சர்க்கரைக்காகப் போட்டவர்களின் எடையும் சேர்ந்தே குறைந்தது. அதைத் தனியாக ஆராய்ந்த பிறகு, 2021ல் அமெரிக்காவில் உடல் பருமனுக்கும் செமக்ளூடைடு அனுமதிக்கப்பட்டது.

13/
எவ்வளவு குறையும்?

செமக்ளூடைடு: 68 வார ஆய்வில் சராசரியாக 14.9%. 100 கிலோ இருப்பவர் சுமார் 85 கிலோ. ஊசி என்ற பேரில் வெறும் திரவம் போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4%. இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தரப்பட்டது.

டிர்ஸெபடைடு (2 ஹார்மோன்களின் வேலையைச் செய்யும் ஊசி): அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21%.

இதெல்லாம் சராசரி. சிலருக்கு இதைவிட அதிகம் குறையும், சிலருக்குப் பெரிசா அசையாது. பக்கத்து வீட்டுக்காரரோட ஒப்பிடாதீங்க.

14/
பழைய மருந்துகள் இதயத்தைக் கெடுத்ததால் இதிலும் அதைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. இதய நோயும் அதிக எடையும் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்த்து 20% குறைந்தன. 90 வருஷக் கதையில் எடை மருந்துக்கு இப்படி ஒரு முடிவு வந்தது இதுதான் முதல் முறை.

15/
போட ஆரம்பித்தால் என்ன எதிர்பார்க்கலாம்?

செமக்ளூடைடு 0.25 மி.கி.யில் தொடங்கி, 4 வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, 2.4 மி.கி. வரை போகும். முதல் மாதத்திலேயே முள் இறங்கலையேன்னு பதறாதீங்க. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் வாந்திதான் கூடும்.

குமட்டல், பேதி, மலச்சிக்கல் சகஜம். பெரும்பாலும் அளவு கூட்டும் நாட்களில் வந்து அடங்கும். கொஞ்சமா சாப்பிடுங்க, வயிறு நிறைஞ்சதும் நிறுத்துங்க, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

வயிற்றில் கடும் வலி முதுகு வரை போனால் உடனே மருத்துவமனை. கணைய அழற்சியாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லும் வரலாம்.

16/
கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல்னு புரதத்தைக் கவனமா சாப்பிடணும். எடை தூக்கும் பயிற்சியும் வேணும்.

யாருக்குக் கூடாது? குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமக்ளூடைடை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து போகலாம். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்க.

17/
நிறுத்தினால்?

ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான். உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். அதனால பலருக்கு இது நீண்டகால மருந்து. பர்ஸும் அதுக்குத் தயாரா இருக்கணும்.

18/
2025ல் இந்த 2 மருந்துகளும் எடை குறைப்புக்காக இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டன. நான் பயப்படுவது மருந்தைப் பார்த்து அல்ல. "கல்யாணத்துக்குள்ள 6 கிலோ குறைக்கணும்"னு சீட்டு இல்லாம வாங்குறதையும், ஜிம்மில் யாரோ சொன்னாங்கன்னு போட்டுக்கிறதையும் பார்த்துதான். 1934ல் ஒரு லட்சம் பேர் செய்ததும் இதைத்தான்.

ஊசி போடும் முன் உங்க டாக்டரிடம் 3 கேள்வி கேளுங்க:

என் எடைக்கும் நோய்க்கும் இது தேவையா?
எனக்கு இதைப் போடக் கூடாத காரணம் ஏதாவது இருக்கா?
எவ்வளவு காலம் போடணும், நிறுத்தும்போது என்ன திட்டம்?

மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகு முடிவு பண்ணுங்க.