ஒரே வீதி, வெவ்வேறு நினைவுகள்: கிழக்கிலங்கையில் 1990

பிரான்சிலுள்ள ஒரடூர்-சூர்-கிளான் என்னும் ஊரில் 1944 யூன் 10ஆம் திகதி நாஜி எஸ்.எஸ். படையினர் 640க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். எரியுண்ட அவ்வூர் இடிபாடாகவே பேணப்படுகின்றது. ஐரோப்பாவைப் பஸ்வண்டியிற் சுற்றிவருவோர் அங்கும் இறங்கி நடக்கின்றனர். பாலமுனையிலிருந்து வடக்கே செல்லும் எமது வீதியிலும் அத்தகைய இடங்கள் உள. ஆயின், அவை அனைத்தையும் ஒரே பயணத்திற் கண்டோர் அரியர்.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் மூன்று மாதங்களுள் நிகழ்ந்தவற்றை நிரைப்படுத்துவோம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூர் முஸ்லிம்கள் அவ்வாறே கொல்லப்பட்டனர். மறுநாள் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொலையுண்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினரின் பங்கு மறைத்தற்குரியதன்று. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் மீளவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிற் குழந்தைகளும் தப்பவில்லை.

இந்நிரலின் ஒரு பாதியை மட்டும் வாசிப்பவர்க்கு அது குற்றப்பத்திரிகையாகும். முழுவதும் வாசிப்பவர்க்கே அது வரலாறாகும்.

'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்று இரு சமூக உறவைப் போற்றுதல் இங்கு வழக்கம். அவ்வுவமை வயலையும் சந்தையையும் சார்ந்த உழைப்புறவின் விளைவு. ஆயினும் நிலவுடைமையின் ஏற்றத்தாழ்வை அது மூடிவிடுகின்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன்வழி வந்த அரச குடியேற்றமும் நிலத்தையும் நீரையும் இனப்போட்டிக்குரிய பொருள்களாக்கின. போரின்போது படுவான்கரை வயல்களை முஸ்லிம் விவசாயிகள் இழந்தனர். அங்கு கூலிக்கு உழைத்தோரும் வாழ்விழந்தனர். இவ்வடித்தளத்தை விளக்குதல் கொலையாளிக்கு விலக்களிப்பதாகாது. அடுத்த கொலைக்கான நிலைமைகளை இனங்காண்பதாகும்.

காத்தான்குடிப் பள்ளிவாசற் சுவரில் குண்டுத்துளைகள் இன்றும் பேணப்படுகின்றன. நாம் அங்கு பலமுறை இறங்கியிருக்கின்றோம். அப்பயணங்களிலெல்லாம் காரைதீவுச் சந்தியைக் கடந்தே சென்றோம். வீரமுனைக்கு ஒருமுறையேனும் திரும்பினோமல்லோம். எமது ஆய்வின் முதற் குறைபாடு அதுவே. அடுத்த பயணம் அச்சந்தியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.