இலங்கைக் கடலிற் சுழியோடிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கடலடிச் சுழியோடலைப் பற்றிய கட்டுரையொன்றை நானுஓயாவிலிருந்து தொடங்குதல் பொருந்துமோ என வாசகர் ஐயுறக்கூடும். 1885இல் புகையிரதம் வந்தடைந்த இவ்வூர் கடல்மட்டத்திற்கு மேல் 1,600 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் உள்ளது. தேயிலைச் சரிவுகளுக்கிடையே பிறந்து வளர்ந்த எம்மில் பலர் பல்கலைக்கழகம் புகும் வரை கடலைக் கண்டதில்லை. எனினும் ஊருக்குப் பெயர் தந்த நானுஓயா ஆறு கொத்மலை ஓயாவிற் கலந்து, அதன் வழியே மகாவலி கங்கையோடு சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. அக்குடாவின் வடபுறத்தே கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலை எழுந்து நிற்கின்றது. இந்நாட்டில் நவீன சுழியோடலின் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பிடும் நிகழ்ச்சியொன்று அம்மலையடியில் நடந்தது.

1956ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியிற் சுழியோடினர். ஆழங்குறைந்த கடற்படுகையிலே செதுக்கப்பட்ட தூண்களையும் கட்டடக் கற்களையும் அவர்கள் கண்டனர். 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்த கோயிலின் எச்சங்கள் அவை. இடிக்கப்பட்ட கோயிற் கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. எஞ்சியவை கடலில் வீழ்ந்தன. கடலுள் கிடந்த சிவலிங்கமொன்றை வில்சன் பின்னர் வெளிக்கொணர்ந்தார். 1950இல் மண்ணுள் இருந்து வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகளும் சேர, புதுக்கிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. கடலடிப் படம்பிடிக்க வந்த வில்சன் பிற்காலத்திலே துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் வாழ்ந்தமை, கோணேசர் செய்த திருவிளையாடல்களுள் ஒன்றெனக் கூறுவாரும் உளர்.

கிளார்க் 1957இல் வெளியிட்ட 'தப்ரபேனின் முருகைப் பார்கள்' என்று பொருள்படும் ஆங்கில நூல் இலங்கைக் கடலை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தது. அவருக்கு இக்கடலைப் பற்றி எடுத்துரைத்தவர் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணிபுரிந்த ரொட்னி ஜொங்கிளாஸ் என்னும் இலங்கையர் என்பது பலர் மறந்த செய்தி. இவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன்னரே, ஒஸ்திரியப் பிரபுவான ரன்சொனே, கண்ணாடி பதித்த இரும்புக் கூடொன்றினுள் அமர்ந்து காலிக் கடலடியின் முருகைக் கற்களை ஓவியமாக்கினார்.

இவர்களுக்குத் துணைநின்ற கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நீருட் பத்து மீற்றர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகும். அவ்வழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்திற் காற்று கிடைத்தாலன்றி நெஞ்சு விரியாது. 1943இற் பிரான்சில் கூஸ்தோவும் கஞானும் ஆக்கிய கருவி, முதுகிற் சுமந்த கலத்திலிருந்து மூச்சிழுக்குந் தோறும் வேண்டிய அழுத்தத்தில் வேண்டிய அளவு காற்றைத் தந்தது. அன்று முதல் மனிதன் கடலடியில் நின்று பார்க்கலானான். அங்ஙனம் பார்ப்பதற்கு ஆழம் வேண்டுவதில்லை. முருகைக்கல்லை ஆக்கும் நுண்ணுயிர்கள் தம்முட் குடிகொண்ட பாசியினங்களால் உணவு பெறுவன. பாசிக்கு வெயில் வேண்டும். எனவே முருகைக்கல் ஆழங்குறைந்த தெளிந்த நீரிலே செழிக்கும். ஆறு சேறு கொணருமிடத்திற் செழிப்பதில்லை. நிலாவெளிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பாலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த முருகைப் பார் இவ்வகையினது. வெள்ளையர் ஆட்சியிற் புறாக்களைச் சுடும் களமாயிருந்த அத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று.

மேற்கூறிய வரலாற்றில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. இலங்கையிற் கடலடியை முதன்முதற் கண்டோர் 1956இல் வந்தோர் போன்றதொரு தோற்றத்தை அது தருகின்றது. மன்னார்க் கடலில் இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் மூழ்கி எழுந்தனர். கொற்கை முத்தைச் சங்கச் சான்றோர் பாடினர். தண்டனை பெற்ற குற்றவாளிகளே கொற்கையில் முத்துக் குளித்தனர் எனப் பெரிப்பிளஸ் நூலார் எழுதினார். சுறாவை மந்திரத்தாற் கட்டுவோரைப் பற்றி மார்க்கோ போலோ எழுதினார். முத்தின் விலையும் குளிக்கும் முறையும் பதிவாயின. குளித்தவன் பெயரைக் கேட்டார் எவருமிலர்.

குளிக்கும் முறைதான் யாது? கயிற்றிற் கட்டிய கல்லிற் காலூன்றிக் குளியாள் ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்குவான். பாரிற் கிடக்கும் சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான்; மேலே நிற்பவன் இழுப்பான். இவை யாவும் ஒரு நிமிட அளவில் முடிதல் வேண்டும். இவ்வாறு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை. பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரேபியரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 300க்கு மேற்பட்ட வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 குளியாட்களும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அதில் மூன்றிலொரு பங்கு குளியாட்களுக்கு, எஞ்சியது அரசுக்கு. மறு ஆண்டு அரசு முத்துப் பார்களை ஆங்கிலக் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விட்டது. 1907க்குப் பின்னர் விளைச்சல் பொய்த்தது. அக்காலத்திலே பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துப் பார்களை ஆராய்ந்து ஐந்து பெருந்தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார். சிப்பியின் வயிற்றிலுள்ள புழுவுக்கும் அதில் விஞ்ஞானப் பெயர் உண்டு.

குளியாட்கள் வந்திறங்கிய அதே மன்னார்க் கரையில், 1830கள் தொட்டு வேறொரு கூட்டத்தாரும் வந்திறங்கினர். அவர்கள் எம் முன்னோர். தலைமன்னாரிலும் அரிப்பை அண்டிய கரையிலும் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொள்ளை நோயாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. ஒரே பஞ்சத்துக்கு அஞ்சி ஒரே பாக்குநீரிணையைக் கடந்தோருள் ஒருசாரார் கடலுள் இறங்கினர். மறுசாரார் மலை ஏறினர். முன்பணம் கொடுத்தவனுக்குக் கடன்பட்டிருத்தல் இருசாரார்க்கும் பொது. சலாபத்தின் கணக்கேட்டையும் தோட்டத்தின் பெரட்டுக் கணக்கையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர்க்கு இவ்வொற்றுமை எளிதிற் புலனாகும். இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே கற்பிப்பது எமது பாடத்திட்டத்தின் குறை என்றே கருதுகின்றேன்.

காற்றுக்கலம் பார்ப்போருக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடவில்லை. 1980கள் அளவில் அது உழைப்போரிடமும் வந்தது. கற்பிட்டி முதல் மன்னார் வரையும், கிழக்கிலும், கலத்தைச் சுமந்து கடலட்டையும் சங்கும் எடுக்கலாயினர். கடலட்டை இலங்கையர் உண்பதன்று; உலர்த்திச் சீன மக்களின் உணவுக்காக ஏற்றுமதி செய்யப்படுவது. கரையோரத்தில் அது அருகியதும் ஆழம் செல்ல வேண்டியதாயிற்று. ஆழத்தில் நெடுநேரம் நின்றால் காற்றிலுள்ள நைதரசன் குருதியிற் கரையும். விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். நோக்கச் செல்பவர் மேலெழும் வழியில் தரித்துத் தரித்து எழுவதற்கு நேரங் குறித்த அட்டவணையைக் கற்றுச் செல்கின்றார். கூலிக்குச் செல்பவர் பலருக்கு அதைக் கற்பித்தார் எவருமில்லை. எடுத்த அட்டைக்கே பணம், காத்திருந்த நேரத்துக்கு இல்லை. அங்ஙனம் கால் விளங்காமற் போனோர் வடமேற்குக் கரையூர்களில் உளர்.

நானுஓயாவின் நீர் இன்று முன்போல் தடையின்றிக் கடலை அடைவதில்லை. 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணையும் அதற்குக் கீழே விக்டோரியா, ரந்தெனிகல முதலிய அணைகளும் அதனை மறிக்கின்றன. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடழித்த சரிவுகளிலிருந்து கரைந்த மண்ணிற் பெரும்பகுதி இப்போது அந்நீர்த்தேக்கங்களின் அடியிற் படிகின்றது. அதற்கு முந்திய நூற்றாண்டு முழுவதும் அம்மண் கொட்டியாரக் குடாவுக்கே சென்றது. அங்கு அது எந்த முருகைக்கல்லை மூடிற்று என்பதை அக்காலத்திற் கீழே சென்று கண்டவர் இருந்திருப்பின், அவர் பெயரும் ஏட்டில் இல்லை.