மச்சம் இருந்த இடம்

லாச்சப்பலில் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் நினைவஞ்சலிகளை நின்று வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சிலவற்றில் இறந்தவரின் முகம் படமாக இல்லை, ஓவியமாக இருக்கிறது. கன்னத்தின் ஓரத்தில் நீர்வர்ணம் ஊறிய கோடு, நாலைந்து தூரிகை இழுப்பில் தலைமயிர், பின்னால் வெளிறிய நீலம். ஆனால் எவரும் தூரிகை பிடிக்கவில்லை. புகைப்படத்தைக் கணினியில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற ஓவியம் இது.

அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், எங்களிடம் நல்ல படங்கள் இல்லை என்பதுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில், பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கியவர்களுக்கு அல்பத்தைத் தூக்கக் கை இருக்கவில்லை. தப்பியவையும் 2009இல் வன்னிப் பதுங்குகுழிகளோடு போயின. பலருக்கு மிஞ்சியது தேசிய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். சிலருக்கு அதன் போட்டோக்கொப்பி மட்டும். அதைச் சுவரில் மாட்டுமளவுக்குப் பெருப்பித்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். நீர்வர்ணமாக மாற்றினால் உடைவு தெரியாது. குறையே பாணியாகிவிடும்.

படத்தை ஓவியமாக்கும் ஆசை படத்தோடேயே பிறந்தது. 1839இல் தகேர் என்பவரின் முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டுச் சில வருடங்களுக்குள் அதன்மேல் வர்ணப்பொடி தூவத் தொடங்கிவிட்டார்கள். முகம் சாம்பல் பூத்திருக்கிறது என்பது அன்றைய வாடிக்கையாளரின் முறைப்பாடு. பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் படம் அச்சிடும் முறை வந்தது. அந்தத் தாளில் நீர்வர்ணம் பிடிக்காது. எண்ணெய் கூடிய தோசைக்கல்லில் மா வழுக்குவதுபோல வழுக்கும். அதற்கு மாட்டுப் பித்தத்தைத் தடவிவிட்டு வர்ணம் தீட்டினார்கள். பாரிஸில் இப்படி வர்ணம் தீட்டிய படங்களால் பெயர் பெற்ற மேயர், பியர்சோன் என்ற இரு புகைப்படக்காரர்கள், தங்கள் படத்தைப் பிறர் பிரதிபண்ணிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். புகைப்படத்துக்கும் கலைப்படைப்பின் பாதுகாப்பு உண்டு என்று 1862இல் பாரிஸ் மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓவியர் ஆங்க்ர் உட்படப் பலர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

இந்தியாவில் 1860களிலிருந்து, அரண்மனைகளில் சிற்றோவியம் வரைந்து வந்தவர்களே இந்த வேலைக்குத் திரும்பினார்கள். உதய்ப்பூர், நாத்துவாரா ஓவியர்கள் சில படங்களில் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வர்ணத்தால் மூடிவிட்டார்கள். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாற்றே நிறுவனம் கையால் நிறந்தீட்டிய தபாலட்டைகளை விற்றது. யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் தொங்கிய தாத்தாமாரின் படங்களிலும் இந்தக் கைவேலை உண்டு. இந்த ஓவியர்கள் பொய் சொல்லத் தயங்கவில்லை. இல்லாத சரிகையைப் போடுவார்கள், இல்லாத மாளிகையைப் பின்னால் நிறுத்துவார்கள். முகத்தில் மட்டும் கவனமாயிருந்தார்கள். காசு கொடுக்கிறவர் படத்தைப் பார்த்ததும் ஆள் இன்னார் என்று சொல்லவேண்டுமே.

இதே பாரிஸில் ஒருவர் முகத்தை வேறுவிதமாகப் பார்த்தார். பொலிஸ் தலைமையகத்தில் எழுதுவினைஞராயிருந்த அல்போன்ஸ் பெர்த்தியோன், 1880களில் கைதிகளை முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரே ஒழுங்கில் படமெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். படத்தோடு மச்சம், தழும்பு எங்கெங்கே இருக்கிறதென்று அட்டையில் எழுதவைத்தார். 1917இல் பிரான்ஸ் வெளிநாட்டவருக்கென்று படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. பிரிபெக்துர் வரிசையில் விடியப்புறம் நின்ற எம்மவர்களுக்கு இந்த மனிதரைப் பிடிக்க நியாயமில்லை. ஆனாலும், ஓராளை மற்ற ஆளிலிருந்து பிரித்துக் காட்டுவது சின்ன அடையாளம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கணினியின் கணக்கோ இதற்கு நேர் எதிர். ஓவியத் தோற்றம் தருவதற்கு இன்றும் பயன்படும் வழிமுறைகளில் ஒன்று 1976இல் ஜப்பானில் குவஹாரா என்பவரும் அவரோடு வேலைசெய்தவர்களும் உண்டாக்கியது. அவர்கள் ஓவியத்தை நினைக்கவேயில்லை. மங்கலான இதயப் படங்களைத் துப்புரவாக்கப் பார்த்தார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி நாலு சிறு சதுரங்களைப் பார்க்கும். நிறவேறுபாடு ஆகக் குறைந்த சதுரம் எதுவோ, அதன் சராசரி நிறத்தைத் தான் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கணிதத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டு, இப்போது வெங்காயம் வெட்டுகிற எனக்கும் இந்தக் கணக்கின் வடிவு தெரிகிறது. ஓரங்கள் கூராய் நிற்கும், உள்ளே எல்லாம் ஒரே பூச்சாகும். அதனால்தான் தூரிகைபட்டதுபோல இருக்கிறது. இனி, ஒரு மச்சத்தை வைத்துப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள புள்ளிகள் மச்சமில்லாத சதுரத்தைத் தெரிவுசெய்யும். நடுவிலுள்ளது பக்கத்துத் தோலோடு சராசரியாகிக் கரையும். கணக்குக்கு மச்சமும் அழுக்கும் ஒன்றுதான்.

1990இல் போட்டோஷொப் விற்பனைக்கு வந்தது. 1996இல் வந்த அதன் 4ஆம் பதிப்பிலே நீர்வர்ண வடிகட்டி உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதில் தூரிகை நுணுக்கம், நிழல், இழைமம் என்று மூன்று திருகுகள். நிழலைப் பூச்சியத்தில் வைத்தாலும் படம் இருளும். எங்கள் தோலுக்கு அது ஆகவே ஆகாது. 1997இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், தாளில் தண்ணீர் எப்படி ஓடும், நிறத்துகள் எங்கே படியும் என்பதையே கணக்காக்கி, புகைப்படங்களை நீர்வர்ணமாக்கிக் காட்டினார்கள். 2015இல் ஜெர்மனியின் ரியூபிங்கனில் ஓர் ஓவியரின் பாணியை எடுத்து வேறொரு படத்தின்மேல் போடும் முறை வந்தது. அடுத்த வருடமே அது கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. இப்போதைய செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி மேலே போய், மங்கிய முகத்துக்கு இல்லாத இமைமயிரையும் பல்லையும் தானே வரைகிறது. வடிகட்டி இருந்ததை அழித்தது. இது இல்லாததைச் சேர்க்கிறது. இரண்டாவதுதான் எனக்குக் கூடப் பயம்.

எங்கள் உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணர் ஒருவர் தன் தம்பியின் படத்தை இப்படிச் செய்வித்தார். தம்பியை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. அவர்களின் தாயார், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்குப் போய்வருகிறவர். அங்கே ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம் இருக்கும். கண்ட யாராவது ஒருவர் அடையாளம் சொல்லட்டும் என்பதற்கான படம் அது, மாலை போடுவதற்கானதல்ல. அண்ணர் புதிய ஓவியத்தைத் தொலைபேசியில் அனுப்பினார். "வடிவாயிருக்கு மோனை," என்றார் தாயார். "ஆரிது?"

இடப்பக்கப் புருவத்துக்கு மேலே தம்பிக்கு ஒரு மச்சம் இருந்ததாம். நாடியில் சைக்கிளால் விழுந்த காயம். இரண்டும் ஓவியத்தில் இல்லை.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தையல்ல. மூலப்படத்தைக் கீழே ஓர் அடுக்காக வைத்து, ஓவியமாக்கிய பிரதியை அதற்கு மேலே போட்டு, மச்சமும் தழும்பும் உள்ள இடத்தில் மட்டும் மேலடுக்கை மறைத்துவிட்டால் அடியிலிருக்கும் முகம் தெரியும். ஐந்து நிமிட வேலை. நாங்கள் திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரப் பெடியன் முகம் சுளிக்காமல் உடனேயே செய்யத் தொடங்கினான். மேலடுக்கை நீக்கிப் பெருப்பித்தபோது புருவத்துக்கு மேலே ஐந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன. எது மச்சம், எது கொப்பி மெசினின் தூசி என்று தாயாருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கவேண்டியிருந்தது.