விருந்தினர் பாடகர் குழு

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் பேராலயங்களில், அவற்றின் சொந்தப் பாடகர் குழு விடுமுறையில் இருக்கும்போது ஆராதனையில் பாட வரும் வெளிக்குழு. சிறுவர் பாடகர்களின் பள்ளி மூடியிருக்கும் ஆகஸ்ட் மாதமே இதற்கு முதன்மைக் காலம். உறுப்பினர்கள் பெரும்பாலும் வேறு தொழில் செய்பவர்கள்; பயணம், தங்குமிடச் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள்.

நடத்துநரின் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. தேதி பெறுதல், பாடல் பட்டியலைப் பேராலயத்தின் ஒப்புதலுக்கு அனுப்புதல், நான்கு குரல்களும் சமநிலையில் அமையுமாறு ஆள் சேர்த்தல் ஆகியவை அதில் அடங்கும். வார இறுதிக்கு மட்டும் வரக்கூடியவர்களால் இச்சமநிலை எளிதில் குலையும்.

மாலை ஆராதனையில் மறுமொழிகள், சங்கீதம், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு, ஒரு கீதம் ஆகியவை இடம்பெறும். இவற்றுள் கடினமானது சங்கீதமே. 1662ஆம் ஆண்டு பொது ஜெபப் புத்தகத்தின் முறைப்படி 15ஆம் நாள் மாலைக்கு உரியது 73 வசனங்கள் கொண்ட 78ஆம் சங்கீதம். சொற்களை ஒருசேர உச்சரிக்கப் பழகாத குழுவின் குறை அங்கே உடனே வெளிப்படும்.

கல் மண்டபத்தின் நீண்ட எதிரொலிக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பதும், எதிரெதிர் வரிசைகளில் நின்று ஒருவரையொருவர் கேட்டுப் பாடுவதும் அன்றைய குறுகிய ஒத்திகையிலேயே கைகூட வேண்டும். பழக்கமில்லாத ஆர்கனில் ஒலித்தேர்வுகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள ஆர்கன் கலைஞருக்குத் தனி நேரம் தேவை.